மணல் காத்த விமானம்: எடுப்பதா, விடுவதா?



கடலடியில் ஒரு பழைய விமானம் கிடப்பதாகச் செய்தி வருகிறது. நீங்கள் என்ன சொல்வீர்கள்? "உடனே வெளியே எடுக்க வேண்டும். உப்பு நீரில் கிடந்தால் அரித்துப் போய்விடுமே!" என்றுதான் பெரும்பாலோர் சொல்வீர்கள். இது பாதி உண்மைதான் என்பது என் கருத்து. வெளியே எடுப்பதே சில வேளைகளில் அப்பொருளுக்கு முடிவு கட்டிவிடும். எப்படி என்று பார்ப்போம்.

இங்கிலாந்தின் தென்கிழக்கில் டீல் என்ற ஊருக்கு எதிரே, கடலுக்குள் குட்வின் சாண்ட்ஸ் என்னும் மணல்திட்டு இருக்கிறது. நீளம் சுமார் 16 கிலோமீட்டர். சுண்ணப் பாறையின் மேல் ஏறத்தாழ 25 மீட்டர் கனத்துக்கு நுண்மணல் படிந்து உருவானது. கடல் வற்றும்போது திட்டின் சில பகுதிகள் வெளியே தெரியும். அப்போது மணல் கெட்டியாக இருக்கும். மக்கள் அதன்மேல் கிரிக்கெட்டே விளையாடியிருக்கிறார்கள். நீர் ஏறத் தொடங்கியதும் மணல் துகள்களுக்கிடையே நீர் புகுந்து அழுத்துகிறது. துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து பிடித்திருக்கும் பிடி தளர்கிறது. கெட்டித் தரை புதைமணலாகிறது. 1703ஆம் ஆண்டுப் பெரும்புயலில் நான்கு போர்க்கப்பல்கள் இங்கே அழிந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இரண்டாம் உலகப் போரில் விமானங்களும் இங்கே விழுந்தன. 1940 ஆகஸ்டு 26ஆம் நாள், ஜெர்மனியின் டோர்னியர் 17 வகைக் குண்டுவீச்சு விமானம் ஒன்று சுடப்பட்டு இம்மணல்திட்டில் இறங்கி மூழ்கியது. அதிலிருந்த நால்வரில் இருவர் பிழைத்துச் சிறைப்பட்டனர்; இருவர் இறந்தனர். அந்த வகையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் கட்டப்பட்டன. ஆயினும் உலகில் ஓரளவு முழு உருவுடன் எஞ்சியது இது ஒன்றுதான்! 2008ஆம் ஆண்டு, சுமார் 15 மீட்டர் ஆழத்தில், தலைகீழாகக் கிடந்த நிலையில் இது கண்டறியப்பட்டது.

அவ்வளவு காலம் எப்படித் தப்பியது? அலுமினியம் அரிக்கப்படும்போது அதன் அணுக்கள் எலெக்ட்ரான்களை இழக்கின்றன. கடல்நீரில் அந்த எலெக்ட்ரான்களை ஏற்றுக்கொள்வது பெரும்பாலும் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன். ஈர மணலுக்குள் ஆக்சிஜன் மிக மெதுவாகவே ஊடுருவும். ஆகவே புதைந்த உலோகத்தின் அரிமானமும் மந்தமாகிறது. விமானத்தை விழுங்கிய மணலே அதற்குப் போர்வையும் ஆயிற்று.

ஆனால் இந்தப் போர்வை நிலையானதன்று. நீரோட்டத்தின் வழியில் ஒரு பொருள் குறுக்கிட்டால் நீர் அதைச் சுற்றி விரைந்து சுழல்கிறது. அந்தச் சுழல் பக்கத்து மணலைத் தோண்டி எடுத்துச் செல்கிறது. கடற்கரையில் அலை திரும்பும்போது உங்கள் குதிகாலின் அடியில் மணல் கரைவதை உணர்ந்திருப்பீர்கள் அல்லவா? அதே செயல்தான். மணல் விலகியதும் ஆக்சிஜன் நிறைந்த நீர் உலோகத்தைத் தாக்குகிறது. அலுமினியத்தோடு எஃகு ஆணிகள் சேர்ந்திருந்தால், கடல்நீரில் அவ்விடம் ஒரு சிறு மின்கலம் போல வேலை செய்கிறது. அழிவது அலுமினியமே.

எனவே 2013 ஜூன் 10ஆம் நாள் பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகம் இவ்விமானத்தைத் தூக்கியதை நான் சரி என்றே சொல்வேன். தூக்குவதும் எளிதன்று. 100 கிலோகிராம் அலுமினியம் கடல்நீருக்குள் சுமார் 62 கிலோகிராம் எடையுள்ளது போலவே தோன்றும். மீதியை மிதப்பு விசை தாங்குகிறது. நீர்மட்டத்தைத் தாண்டும்போது அந்தத் தாங்கல் மறைகிறது. போதாதற்கு, உள்ளே தேங்கிய நீரும் மணலும் பாரமாகின்றன. அரித்து மெலிந்த கூடு முறியக்கூடிய நேரம் அதுதான்.

உண்மையான சோதனை கரையில்தான் தொடங்குகிறது. உலோகத்தின் நுண்குழிகளில் குளோரைடு உப்புகள் ஒளிந்திருக்கும். அப்படியே விட்டால் காற்றின் ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து அவை அரிப்பைத் தொடரும். ஆகவே விமானத்தை காஸ்ஃபர்டு என்ற இடத்தில் கூடாரங்களுக்குள் வைத்து, வலுக்குறைந்த சிட்ரிக் அமிலக் கரைசலை மாதக்கணக்கில் தெளித்தார்கள். எலுமிச்சையில் இருக்கும் அதே அமிலம்தான்! இந்த ஏற்பாட்டைத் தூக்குவதற்கு முன்பே திட்டமிட்டிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

மாறாக, 1703இல் மூழ்கிய ஸ்டர்லிங் காசில் என்ற கப்பலை எண்ணிப் பாருங்கள். 1979இல் மணல் விலகி அது வெளிப்பட்டபோது வியக்கத்தக்க நிலையில் இருந்தது. மணற்காப்பு குறைந்தபின் அதன் பாகங்கள் சிதையத் தொடங்கின. அவ்வளவு பெரிய மரக்கலத்தைத் தூக்கிப் பேணுவது எளிய செயலா? மீண்டும் மணல் மூடுவதே அதற்கு நல்லது.

இன்னொன்றும் உண்டு. டோர்னியரில் இறந்த இருவரின் உடல்களும் முன்பே கரை ஒதுங்கிவிட்டன. எல்லா விமானங்களும் அப்படியல்ல. சில, வீரர்களின் கல்லறைகள். பிரிட்டனில் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, விழுந்த போர் விமானத்தை அனுமதியின்றித் தொடக்கூடாது. நண்பன், பகைவன் என்ற வேறுபாடு அதில் இல்லை. 2018இல் டோவர் துறைமுகப் பணிக்காகக் குட்வின் மணலை அள்ள அனுமதி தரப்பட்டபோது பலர் எதிர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம். மணலை அள்ளினால் போர்வையையும் அல்லவா அள்ளுகிறோம்!

ஆகவே நான் மூன்று கேள்விகள் கேட்பேன். மணல் விலகி அழிவு தொடங்கிவிட்டதா? உள்ளே மனிதர் எவரும் துயில்கிறார்களா? எடுத்தபின் பல ஆண்டுகள் பேண ஆளும் பொருளும் இருக்கின்றனவா? இம்மூன்றுக்கும் தக்க விடை கிடைக்காதவரை, அளந்து, படமெடுத்து, மணலிடமே விட்டுவிடுவதுதான் அறிவுடைமை.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். இரண்டு இரும்பு ஆணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை உப்பு நீரில் பாதி மூழ்கும்படி வையுங்கள். மற்றொன்றை, கொதிக்கவைத்து ஆறவிட்ட உப்பு நீரில் முழுதும் மூழ்கவிட்டு, மேலே எண்ணெய் ஊற்றிக் காற்றைத் தடுத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டையும் ஒப்பிடுங்கள். பிறகு இரண்டாம் ஆணியை வெளியே எடுத்து, கழுவாமல் மேசைமேல் வைத்து, மேலும் ஒரு வாரம் கவனியுங்கள். எடுப்பதா, விடுவதா என்பதை அதன்பின் நீங்களே முடிவு செய்யுங்கள்.