ரேஷன் கடையில் விரல் வைத்தால் தகவல் எங்கே போகிறது? ஏற்காட்டில் ஏன் சிக்கல்?

'சர்வர் ஸ்லோ', 'ரேகை விழலை'. ரேஷன் கடை வரிசையில் அடிக்கடி கேட்கும் பதில்கள் இவை. ஏற்காடு, சேர்வராயன் மலைப் பகுதி மக்களுக்கு இதனால் ஒரு நாள் கூலியே போகலாம். அந்தச் சில நொடிகளில் என்ன நடக்கிறது?

தகவல் போகும் பாதை

தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில், 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தோடு கைரேகை முறை வந்தது. அதற்கு முன் ஸ்மார்ட் கார்டை ஸ்கேன் செய்தாலே போதும். இப்போது:

1. பி.ஓ.எஸ் கருவி ரேகையை என்கிரிப்ட் செய்து, மொபைல் நெட்வொர்க்கில் அனுப்பும்.
2. உணவு வழங்கல் துறையின் சர்வர் கார்டு விவரத்தைச் சரிபார்க்கும்.
3. ஆதார் ஆணைய அனுமதி பெற்ற இடைநிலை நிறுவனம், பாதுகாப்பான தனி இணைப்பில் கோரிக்கையைக் கொண்டு செல்லும்.
4. ஆதார் தரவு மையம் ஒப்பிட்டுப் பார்த்து 'ஆம்' அல்லது 'இல்லை' என்று மட்டும் சொல்லும்.

பதில் அதே வழியில் திரும்ப வரணும். பிறகுதான் பில்.

எது காத்திருக்கலாம்?

பெரிய நிறுவனங்களின் டேட்டா பரிமாற்றத்தில் இரண்டு வகை உண்டு. இருப்பு, விற்பனைக் கணக்கு போன்றவற்றைச் சேமித்து வைத்து, சிக்னல் வந்ததும் மொத்தமாக அனுப்பலாம். ஒவ்வொரு பில்லுக்கும் தனி எண் இருந்தால், இரண்டு முறை அனுப்பினாலும் ஒரு முறைதான் பதிவாகும். இல்லையென்றால், வாங்காத அரிசிக்கும் 'வாங்கியாச்சு' என்று கணக்கு ஏறிவிடும் ஆபத்து உண்டு.

கைரேகை அப்படி இல்லை. ஒப்பிட வேண்டிய பதிவு கருவியில் கிடையாது. தரவு மையத்தில்தான் இருக்கு. அதனால் உடனடி பதில் கட்டாயம். மலைச்சரிவு டவரை மறைத்தால் முதல் படியே நின்றுவிடும். எஸ்டேட் வேலையில் ரேகை தேய்ந்தவர்களுக்கு, சிக்னல் இருந்தாலும் 'இல்லை' வரலாம்.

மாற்று வழி

2017-ல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி இறந்தார். ஆதார் இணைக்காததால் ரேஷன் நிறுத்தப்பட்டு, பசியால் இறந்ததாகக் குடும்பம் சொன்னது. மாநில அரசு அதை மறுத்தது. அடுத்த மாதமே, 'ஆதார் இல்லை, ரேகை பொருந்தவில்லை என்று பொருள் மறுக்கக் கூடாது. அப்படிக் கொடுத்ததைத் தனியாகப் பதிவு செய்யுங்கள்' என மாநிலங்களுக்கு மத்திய அரசு உத்தரவிட்டது.

ரேகை விழாவிட்டால் ஓடிபி இருக்கிறதே என்று கேட்கலாம். அதற்கும் சிக்னல் வேணும். சிக்னலே இல்லாத இடத்தில் கைகொடுப்பது, கையால் எழுதும் அந்தப் பதிவேடுதான். கடைக்காரர் அதைத் தயங்காமல் திறந்தால்தான் மலைக் கிராமத்தில் இந்த சிஸ்டம் முழுமையாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.