வருகிறவர்கள் மாறிவிட்டார்கள், நமது பங்கு மாறவில்லை

கொழும்பிலிருந்து வரும் ரயில் எல்ல நிலையத்தில் நின்றதும் பெட்டிகள் பாதிக்கு மேல் காலியாகிவிடும். முதுகில் பையைச் சுமந்தவர்கள் எல்லாம் அங்கே இறங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு தெமோதரை, ஹாலிஎல, பதுளை என்று உட்கார்ந்து போகிறவர்கள் நாம்தான். தேயிலைப் பெட்டியைக் கொழும்புக்கு இறக்குவதற்காகப் போட்ட பாதை இது. 1924இல் பதுளை வரை வந்து சேர்ந்தது. இன்று அதே பாதை உலகத்தையே நமது மலைக்கு ஏற்றி வருகிறது. ஆனால் அந்த உலகம் கொண்டுவரும் காசு நமது லயத்து வாசலைத் தொடாமலே திரும்பிப் போகிறது. இதைப் பற்றி நமது சங்கம் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

“உல்லாசப் பயணிகளுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? சம்பளப் பிரச்சினையைப் பேசுங்கள்” என்று சில தோழர்கள் கேட்கலாம். சம்பளப் பிரச்சினையையும் இந்தக் கட்டுரையிலேயே பேசப்போகிறேன். இரண்டும் ஒரே கணக்கில் வருகிறவைதான்.

முதலில், வருகிறவர்கள் யார் என்று பார்ப்போம். 2018இல் இலங்கைக்கு 23 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டார் வந்தார்கள். இந்தியர் முதலிடம், சீனர் இரண்டாமிடம், பிரித்தானியர் மூன்றாமிடம். பிறகு உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி என்று அடிமேல் அடி விழுந்தது. 2021இல் வந்தவர்கள் இரண்டு இலட்சத்தைக்கூட எட்டவில்லை. மீண்டும் 2024இல் 20 இலட்சத்தைத் தாண்டியபோது வரிசை மாறியிருந்தது. நான்கு இலட்சத்துக்கு மேல் வந்த இந்தியர் முதலிடத்திலும், இரண்டு இலட்சம் பேரோடு ரஷ்யர் இரண்டாமிடத்திலும் இருந்தார்கள். 2025இல் மொத்த வருகை 23 இலட்சத்து 60 ஆயிரத்தைத் தாண்டி, 2018இன் சாதனையையும் முறியடித்தது. அந்த ஆண்டு இந்தியரின் எண்ணிக்கை மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேல்.

ஆட்கள் மாறினால் அவர்கள் காசு செலவழிக்கும் இடமும் மாறும். முந்திய காலத்தில் வந்த வயதான வெள்ளைக்காரர்கள் கம்பெனி ஏற்பாடு செய்த பஸ்ஸில் வந்து பண்டாரவளையிலும் நுவரெலியாவிலும் பெரிய ஹோட்டல்களில் தங்கினார்கள். பிறகு வந்த இளைஞர்கள் எல்லவில் சின்ன விடுதிகளில் தங்கி, ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் பிடித்தார்கள். அவர்களை நம்பித்தான் எல்ல கடைவீதி முழுக்க பீட்சா, பேர்கர் என்று பலகை தொங்கியது. இன்று இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் குடும்பமாக, வேன் பிடித்து வருகிறார்கள். குறைந்த நாட்கள்தான் தங்குகிறார்கள். இராமாயணக் கதையோடு சேர்த்துப் பேசப்படும் இடங்களை வரிசையாகப் பார்க்கிறார்கள். எல்ல இராவணன் அருவி, வெலிமடைப் பக்கம் திவுரும்பொல, நுவரெலியா சீதையம்மன் கோவில் என்று ஒரு பாதையே உண்டாகிவிட்டது. அவர்கள் தேடுவது பேர்கர் அல்ல. சைவச் சாப்பாடு, தோசை, இட்லி, தயிர், நல்ல கோப்பி இவற்றைத்தான்.

இவர்களோடு இன்னொரு கூட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. நீண்ட விடுமுறை வந்தால் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்தும் குடும்பங்கள் வேன் வேனாக லிப்டன் சீட்டுக்கும் துன்ஹிந்தைக்கும் வருகின்றன. மடுல்சீமைப் பக்கம் பிட்டமாருவைக்கு இளைஞர்கள் கூடாரத்தோடு வருகிறார்கள். கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிற நமது இனத்தவர்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

தோழர்களே, இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வருகிறவர்கள் பேசுவது தமிழ். இத்தனை காலமும் சுற்றுலாத் தொழிலில் நமது பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது, “உனக்கு இங்கிலீஷ் வராது, சிங்களம் சரியாக வராது, நீ குசினியில் பாத்திரம் கழுவு” என்பதுதான். இப்போது முதல் தடவையாக, நமது தாய்மொழியே கூலி தரக்கூடிய ஒரு திறமையாகியிருக்கிறது. வழி சொல்லவும், தேயிலை எப்படித் தூளாகிறது என்று விளக்கவும், வந்தவருக்குப் பிடித்த சாப்பாட்டைச் சமைக்கவும் நம்மைவிடப் பொருத்தமானவர் யார்? மலையில் நின்று கொழுந்து எடுத்தவளைவிடக் கொழுந்தைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர் யார்?

ஆனால் நடப்பது என்ன? தோசை சுடத் தெரிந்த கைகள் நமது தோட்டங்களில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தோசைக் கடை போடக் காணி யாரிடமும் இல்லை. இதுதான் விஷயத்தின் முடிச்சு.

எல்ல டவுனில் சொந்தக் காணி வைத்திருந்தவர்கள் வீட்டில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டார்கள். பிறகு நான்கு அறை கட்டினார்கள். அவர்கள் முன்னேறியதில் நமக்குப் பொறாமை கிடையாது. அவர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போல் கஷ்டப்பட்ட கிராமத்து மக்கள்தான். ஆனால் அதே மலையில், பாலத்துக்குக் கூப்பிடு தூரத்தில், நான்கு தலைமுறையாகக் குடியிருக்கிறவர் தமது லயக் காம்பராவின் முன்பக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டுத் தேத்தண்ணி விற்பதற்கும் தோட்ட நிர்வாகத்தின் தயவு வேண்டும். விடுதி என்று பதிவு செய்யப் போனால், காணி உறுதி அல்லது குத்தகைப் பத்திரம் கேட்பார்கள். வங்கிக் கடன் கேட்டாலும் அதே கேள்விதான். கம்பெனிகள் 1990களில் தோட்டங்களை 53 வருடக் குத்தகைக்குப் பெற்றுக்கொண்டன. அந்தக் குத்தகையை வைத்துப் பழைய துரை பங்களாக்களை விடுதிகளாக்கவும் முடிகிறது. நமக்கோ 200 வருடம் இருந்தும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

2018 வரை பிரதேச சபைக்குத் தோட்டத்துக்குள் ஒரு பாதை போட்டுத் தரக்கூடச் சட்டத்தில் இடமில்லாமல் இருந்தது. அந்த ஆண்டுதான் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் திருந்தியது போல் பாதைகள் திருந்தவில்லை. பாதை கெட்ட தோட்டத்துக்கு வேன் வராது, வேன் வராத இடத்தில் வியாபாரம் நடக்காது.

காணி இல்லாதவர் செய்யக்கூடியது கூலி வேலைதான். நமது பிள்ளைகள் எல்லவிலும் பண்டாரவளையிலும் விடுதிகளில் வேலை செய்கிறார்கள். அறை துப்புரவு, குசினி, தோட்டக்காரர் வேலை. பலருக்கு நியமனக் கடிதம் கிடையாது. ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி கட்டுகிறார்களா என்று கேட்டால் பிள்ளைகளுக்கே தெரியவில்லை. சீசனில் இரவு பத்து மணி வரை வேலை, சீசன் முடிந்தால் “பிறகு கூப்பிடுகிறோம்” என்ற பதில். சட்டம் என்ன சொல்கிறது? 2026 ஜனவரி முதல் நாட்டில் எந்தத் தொழிலிலும் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். முதலாளி 12 சதவீதமும் தொழிலாளி 8 சதவீதமும் சேமலாப நிதிக்குப் போக வேண்டும். நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 சதவீதம் கட்ட வேண்டும். சாப்பாடும் படுக்கையும் கொடுத்தேன் என்று சொல்லி இதிலிருந்து யாரும் தப்ப முடியாது. இந்தப் பிள்ளைகளின் அப்பா, அம்மா நமது சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறார்கள். பிள்ளைகள் எந்தச் சங்கத்திலும் இல்லை. இது நமது குறை. இதை நாமே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மலையில் நிற்கும் நமது பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேன் நின்றவுடன் கமராவோடு இறங்குகிறவர்கள் கேட்காமலே படம் பிடிக்கிறார்கள். சிலர் நூறு, ஐந்நூறு கொடுக்கிறார்கள், சிலர் கையைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். காசு வாங்கியவளைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. நிறுவைத் தராசு தராததை அந்த ஐந்நூறு தருகிறது. ஆனால் நமது உழைப்பு ஒரு காட்சியாக விற்கப்படும்போது, அந்தக் காட்சிக்கு ரிக்கட் வாங்குகிறவர் யார், நடிக்கிறவளுக்கு என்ன பங்கு என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. தோட்டக் காணியில் நுழைவுக் கட்டணமோ வாகனக் கட்டணமோ அறவிடப்படும் இடங்களில், அந்தப் பணத்தின் ஒரு பகுதி பிள்ளைக் காம்பராவுக்கும் மலசலகூடத்துக்கும் குடிதண்ணீருக்கும் வர வேண்டும் என்று நாம் கேட்டாக வேண்டும்.

இனிச் சம்பளக் கணக்குக்கு வருவோம். எல்லவில் என்ன நடந்தாலும், பதுளை, பசறை, லுணுகலை, ஹாலிஎல கடைவீதிகள் வெள்ளைக்காரரையோ இந்தியரையோ நம்பி இல்லை. அவர்கள் எல்லவிலேயே இறங்கிவிடுகிறார்கள். இந்தக் கடைகள் நம்பியிருப்பது நமது சம்பள நாளை. சம்பளம் போட்ட அடுத்த ஞாயிறு பசறை டவுனில் நின்று பாருங்கள். மா, பருப்பு, கருவாடு, பிள்ளைகளின் சப்பாத்து, புடவைக் கடைத் தவணை, அடகுக் கடை வட்டி என்று எல்லாம் ஒரே நாளில் நடக்கும்.

2026 வரவுசெலவுத் திட்டத்தில் நாட்சம்பளத்தை 1,350 ரூபாயிலிருந்து 1,550 ஆக்கவும், அரசாங்கம் வருகைக்காக 200 ரூபாய் சேர்த்து 1,750 ஆக்கவும் முன்மொழியப்பட்டது. ஒரு கணக்குப் போடுவோம். 500 தொழிலாளர் உள்ள ஒரு தோட்டம். ஆளுக்கு மாதம் 20 நாள் பேர் விழுகிறது என்று வையுங்கள். நாளுக்கு 200 ரூபாய் கூடினால் மாதம் 20 இலட்சம் ரூபாய் கூடுகிறது. 400 ரூபாய் கூடினால் 40 இலட்சம். அதில் பெரும்பகுதி அடுத்த வாரமே பசறைக் கடைவீதியில்தான் விழும். எந்த உல்லாசப் பயணி அந்த டவுனில் மாதம் 40 இலட்சம் செலவழிக்கிறார்? ஆகவே கடைக்கார நண்பர்களுக்கும் சொல்கிறோம். நாம் சம்பளத்துக்காகப் பிரட்டுக்களத்தில் கூடும்போது, அது உங்கள் கல்லாப்பெட்டிக்காகவும்தான்.

சுற்றுலாவை நம்பித் தோட்ட வேலையைக் கைவிடலாம் என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. 2019 ஏப்ரலில் ஒரே நாளில் நின்றது. 2020இல் முழுதாக மூடப்பட்டது. 2022இல் பெற்றோல் இல்லாமல் வேன் ஓடவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலைப்பாதை ரயிலே நின்றது. பதுளை மாவட்டத்து மண்சரிவுகளில் எத்தனை குடும்பங்கள் வாசலை இழந்தன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பயணி வேறு நாட்டுக்குப் போய்விடுவார். நாம் இதே மலைச்சரிவில்தான் இருப்போம். அதனால்தான் பாதுகாப்பான இடத்தில் வீட்டுக் காணி என்பது வியாபாரத்துக்கு முன்னே உயிருக்கே வேண்டியதாகிறது.

தெற்குக் கரையிலிருந்தும் ஒரு பாடம் உண்டு. 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் “வெள்ளையருக்கு மட்டும்” என்று ஒரு விருந்து அறிவிக்கப்பட்டு நாடே கொதித்தது நினைவிருக்கும். அதற்கு முன்பே அந்தப் பகுதிச் சிங்களக் கடைக்காரர்கள், பயணிகளாக வந்தவர்களே சாப்பாட்டுக் கடையும் வாடகை வாகனமும் நடத்தித் தமது பிழைப்பைப் பறிக்கிறார்கள் என்று முறையிட்டு வந்தார்கள். ஊர்க்காரரிடம் காணியும் அனுமதியும் உறுதியாக இல்லாத இடத்தில், பணம் உள்ளவர் யார் வந்தாலும் இடத்தைப் பிடித்துக்கொள்வார். இதில் தமிழர், சிங்களவர் என்ற பேதம் இல்லை. எல்ல கிராமத்துச் சிறு வியாபாரியும் தோட்டத்துத் தொழிலாளியும் ஒரே பக்கம் நிற்க வேண்டியவர்கள்.

எனது யோசனைகளைத் தோட்டக் கமிட்டிகளின் முன் வைக்கிறேன்.

முதலாவது, காணி உறுதி. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் இந்திய வீட்டுத் திட்டப் பயனாளிகளுக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. நல்லது. ஆனால் பத்திரம் கிடைத்தவர் அதை வைத்துக் கடனும் வியாபார அனுமதியும் பெற முடிகிறதா என்று ஒவ்வொரு கமிட்டியும் விசாரித்து எழுத வேண்டும். வீட்டோடு சேர்த்து ஒரு சின்னக் கடைக்கு இடம் விட்டுக் காணி அளக்கும்படி கேட்க வேண்டும்.

இரண்டாவது, மொழி. எல்ல உட்பட இந்த மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. அறிவிப்புப் பலகையிலும் படிவத்திலும் தமிழ் இருப்பது சலுகை அல்ல, சட்டம். பண்டாரவளையில் சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவப் பயிற்சி நிலையம் இருக்கிறது. தோட்டப் பிள்ளைகளுக்குத் தமிழில் வழிகாட்டிப் பயிற்சி வேண்டும் என்று நமது சங்கம் எழுத்தில் கேட்கட்டும். கூடவே நமது பிள்ளைகள் சிங்களமும் இங்கிலீஷும் படிக்கட்டும். மூன்றும் தெரிந்தவனை யாரும் குசினிக்குள் அடைக்க முடியாது.

மூன்றாவது, விடுதிகளில் வேலை செய்யும் பிள்ளைகளைச் சங்கத்தில் சேர்ப்பது. ஒவ்வொரு தோட்டத்திலும் எத்தனை பேர் வெளியே விடுதி வேலைக்குப் போகிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுங்கள். சம்பளச் சீட்டு உண்டா, சேமலாப நிதி இலக்கம் உண்டா என்று கேளுங்கள். இல்லாதவர்களின் விபரத்தோடு தொழில் திணைக்களத்துக்குப் போவோம்.

நான்காவது, மாதர் சங்கங்கள். பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு சாப்பாட்டுக் கடை கூட்டுறவாக நடத்த முடியும். அதற்கு இடம் கேட்டு நிர்வாகத்துக்கும் பிரதேச சபைக்கும் கடிதம் போடுவதில் நட்டம் எதுவும் இல்லை. கடிதத்தின் பிரதி ஒன்றைச் சங்கக் காரியாலயத்துக்கும் அனுப்பிவையுங்கள்.

இந்தப் பாதைக்குக் கல் சுமந்தவர்களும், இந்த மலையைப் பச்சையாக்கியவர்களும் நமது பாட்டன், பூட்டிகள். அந்தப் பச்சையைப் பார்க்கத்தான் உலகம் வருகிறது. வருகிறவரை வரவேற்போம். ஆனால் ரயில் எல்லவைத் தாண்டி வரும்போது அதன் காசும் கொஞ்சம் நம்மோடு பதுளை வரை வர வேண்டும். அதற்கு அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே அந்தப் பட்டியலை எடுக்கத் தொடங்குவோம்.