'அண்ட்' எல்லாம் ஒன்றல்ல!

எக்செல் மேக்ரோ எழுதிப் பழகியவர்கள் அடுத்து ஸி மொழிக்குப் போனதும் ஒரு காரியம் செய்கிறார்கள். பழைய புரோகிராமில் 'அண்ட்' வரும் இடங்களை எல்லாம் 'ரீப்ளேஸ் ஆல்' கொடுத்து && என்று மாற்றிவிடுகிறார்கள். எர்ரர் செய்தி எதுவும் வராது. ஆபத்தே அதுதான்.

ஸி மொழியில் && என்பது "இரண்டும் உண்மையா?" என்று மட்டும் கேட்கும். ஒற்றை & இரு எண்களையும் பைனரியில் அடுக்கி, பிட் பிட்டாக ஒப்பிடும். மேக்ரோவில் உள்ள 'அண்ட்' எப்போதும் இந்த இரண்டாவது வேலையைத்தான் செய்கிறது. பலருக்கு இது தெரியாது.

ஒரு முகவரிப் பட்டியல் வைத்திருக்கிறீர்கள். பெயரில் புள்ளியும் தொலைபேசி எண்ணில் கோடும் இருப்பவர்களைத் தேடுகிறீர்கள். 'இன்ஸ்டர்' கட்டளை அவை எத்தனையாவது எழுத்து என்று தரும். இனிஷியல் ஒரே எழுத்து என்றால் புள்ளி 2-ஆவது இடத்தில். மதுரையின் 0452-க்குப் பின் கோடு 5-ஆவது இடத்தில். 2 என்பது 010, 5 என்பது 101. ஒத்துப்போகும் பிட் ஒன்றுகூட இல்லை, விடை 0. மதுரைக்காரர் பட்டியலில் வரமாட்டார்! பழனியின் 04545-இல் கோடு 6-ஆவது இடம். 6 என்பது 110. அவர் வந்துவிடுவார். இங்கே இருபுறமும் > 0 சேர்த்து எழுதினால் தப்பு போய்விடும். ஸி மொழிக்கு மாற்றும்போதும் && சரியே.

ஆனால் பேக்கப் புரோகிராமில் கதை வேறு. ஃபைலின் குணங்களை விண்டோஸ் ஒரே எண்ணில் வைக்கிறது: ஃபோல்டருக்கு 16, ஆர்க்கைவுக்கு 32. "குணம் அண்ட் 16" என்றால் ஃபோல்டரா என்று சோதிப்பது. 32 & 16 என்றால் 0, அது ஃபைல். 32 && 16 என்றாலோ உண்மை! எல்லா ஃபைலையும் ஃபோல்டர் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடும். ஹார்டு டிஸ்க் போன அன்றுதான் பேக்கப் காலி என்று தெரியும்.

இரண்டு வேலைக்கு ஒரே சொல் வைத்தது பேசிக் மொழியின் குறை என்பேன். 2002-இல் வந்த விபி டாட் நெட்டில் 'அண்ட்ஆல்ஸோ' என்று தனிச்சொல் கொடுத்தார்கள். எக்செல் மேக்ரோவுக்கு அது இன்றும் வரவில்லை. ஆகவே ஒவ்வொரு 'அண்ட்'டாக நிறுத்தி, இருபுறமும் இருப்பது கேள்வியா, எண்ணா என்று பார்த்தே மாற்றுங்கள். 'ரீப்ளேஸ் ஆல்' பட்டனைக் கடிதம் டைப் செய்யும்போது வைத்துக்கொள்ளுங்கள்.