டிஃபரன்ஷல் பூட்டும் கைக்கு ஒரு சான்றிதழ் வேண்டாமா?

"படிப்பு ஏறாட்டி கராஜில கொண்டு போய் விடுங்க." எங்கள் ஊர்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. கராஜில் நடக்கும் வேலையைக் கிட்ட நின்று பார்த்தவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு வேலையை மட்டும் எடுப்போம். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு உட்பக்கச் சில்லைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். அந்த வேக வித்தியாசத்துக்கு இடம் கொடுப்பதுதான் டிஃபரன்ஷல். முன்சில்லில் ஓடும் சின்னக் கார்களில் இது கியர் பொக்ஸோடு சேர்ந்தே இருக்கும். அது இறங்கினால் இதுவும் இறங்கும். டொல்பின் வேனிலும் லொறியிலும் பின் அச்சில் தனியாக இருக்கும்.

கழற்றுவது லேசு. பூட்டுவதில்தான் கணக்கு. பின் அச்சு டிஃபரன்ஷலில் பெயாரிங் மூடிகள் இடம் வலம் மாறக் கூடாது. கழற்ற முதலே அடையாளம் போட வேண்டும். கிரௌன் வீலும் பினியனும் சோடி. ஒன்று போனால் இரண்டையும் மாற்ற வேண்டும். அவற்றின் பற்களுக்கிடையே விடும் இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒன்று, இரண்டு பங்குதான். டயல் கேஜில் அளந்து, மெல்லிய ஷிம் தகடுகளை மாற்றி மாற்றி வைத்து, பற்களில் மை பூசிச் சுற்றி, எங்கே படுகிறது என்று பார்க்க வேண்டும். பிழைத்தால் ஊளைச் சத்தம் வரும், பெயாரிங் சூடேறும், கடைசியில் பல் உடையும்.

இது படிப்பு இல்லையென்றால் வேறு எது படிப்பு?

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அவ்வளவு காலமும் நமது மீன் லொறியையும் நெல் லொறியையும் ஓட வைத்தவர்கள் இந்தப் பாஸ்மார்தான். ஆனால் பத்து வருடம் வேலை செய்த தம்பி வளைகுடா போனால், கையில் ஒரு தாள் இல்லாததால் ஹெல்ப்பராகவே நிற்க வேண்டி வருகிறது.

வழி இருக்கிறது. வேலை செய்து பெற்ற அனுபவத்தையே மதிப்பிட்டு என்.வி.கியூ சான்றிதழ் தரும் முறை நம் நாட்டில் உண்டு. நைட்டாவிலும் தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் விசாரிக்கலாம். மீண்டும் வகுப்பில் போய் உட்காரத் தேவையில்லை; செய்து காட்ட வேண்டும்.

2013 முதல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவும் இருக்கிறது. ஆசிரியர்களான நாம் ஊர்ப் பாஸ் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு பழைய டிஃபரன்ஷலைப் பூட்டிக் காட்டச் சொல்வோம். வாகனக்காரர்களான நாம் "இண்டைக்கே முடிச்சுத் தா" என்று அவரை அவசரப்படுத்தாமல் இருப்போம். அளக்க நேரம் வேண்டும்.

உங்கள் தெருக் கராஜில் வேலை செய்யும் தம்பிமாருக்கு இந்தச் செய்தியைச் சொல்லுங்கள். விண்ணப்பம் நிரப்பத் தயங்கினால், பக்கத்துப் பாடசாலை ஆசிரியர்களிடம் கூட்டி வாருங்கள். அது எங்கள் வேலை.