கடைசிப் பத்தும் கடைவீதியும்



ரமளானின் முதல் இரவில் பள்ளிவாசலில் நிற்க இடம் கிடைப்பதில்லை. இருபது நோன்பு கடந்ததும் தராவீஹ் வரிசைகள் மெலிந்துவிடுகின்றன. மக்கள் உறங்கச் சென்றுவிட்டார்களா? இல்லை, துணிக்கடையில் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள்.

கடைசிப் பத்து வந்துவிட்டால் நபி (ஸல்) அவர்கள் இரவை இபாதத்தால் உயிர்ப்பிப்பார்கள். தம் குடும்பத்தாரையும் விழிக்கச் செய்வார்கள். இதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள்; புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. நாமும் குடும்பத்தோடு விழித்துத்தான் இருக்கிறோம், கடைவீதியில்! லைலத்துல் கத்ர் ஆயிரம் மாதங்களைவிடச் சிறந்தது என்கிறது குர்ஆனின் 97ஆம் அத்தியாயம். ஆயிரம் மாதங்கள் என்பது 83 ஆண்டுகளும் 4 மாதங்களும். ஓர் ஆயுளுக்கு ஈடான இரவைத் தேட வேண்டிய நேரத்தில், சுடிதாருக்குப் பொருத்தமான துப்பட்டாவைத் தேடுவது என்ன வியாபாரம்?

புத்தாடை ஹராம் என்று எவரும் கூறவில்லை. பெருநாளன்று நம்மிடம் இருப்பதில் அழகியதை அணிவது விரும்பத்தக்கதே. ஆனால் ஆளுக்கு மூன்று ஜோடி என்பது நாமே நம்மீது சுமத்திக்கொண்ட ஃபர்ளு. அதை நிறைவேற்ற, வட்டி ஹராம் என்று அறிந்தும் நகையை அடகு வைக்கும் தந்தையரும் நம்மிடையே உள்ளனர். தொழுமிடத்தில் அலங்கரித்துக்கொள்ளச் சொல்லும் அதே 7:31ஆம் வசனம்தான் வீண்விரயத்தையும் தடுக்கிறது. பாதி வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்ள நமக்கு அனுமதி இல்லை.

இதற்குப் பெண்களைக் குறைகூறித் தப்பிக்கும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை: கடைக்குச் செல்லும் நாளைத் தீர்மானிப்பவர் யார்? பணம் கொடுப்பவர் யார்? நோன்பு வைத்து, கஞ்சி காய்ச்சி, ஸஹருக்கும் எழுந்து சமைக்கும் பெண்ணுக்கு எஞ்சியிருப்பது இரவின் சிறுபொழுதுதான். அதையும் கடைவீதியில் பறித்துக்கொண்டு அவர்மீதே பழிபோடுவது நீதியன்று.

வழி கடினமானதன்று. ஷஅபானிலேயே துணி எடுத்துவிடுங்கள். கையில் பணம் இல்லையெனில், ரமளானின் முதல் இருபது நாட்களுக்குள் ஒரு பகலில் முடித்துவிடுங்கள். நம் சமுதாயக் கடைக்காரர்களே, உங்கள் ஊழியர்களுக்கும் அந்தப் பத்து இரவுகள் உண்டு என்பதை மறவாதீர்கள். பெருநாள் தொழுகைக்கு முன் ஏழையின் கையில் ஃபித்ரா சேரட்டும். நம் வீட்டுப் பைகள் நிறைவதைவிட அதுவே பெருநாளின் அழகு.

வரும் ரமளானின் கடைசிப் பத்தில் நம்மைத் தொழுகை வரிசையில் நிற்பவர்களாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.