மரபணுச் சோதனைக்கு முன்னால் ஃபார்மலின் டப்பா

மார்பகப் புற்றுநோய் என்று உறுதியானதும் குடும்பத்தார் முதலில் கேட்பது "எந்த ஸ்டேஜ்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சிகிச்சையைத் தீர்மானிப்பதில் அதற்கு நிகரான இன்னொரு கேள்வி உண்டு. அகற்றிய கட்டியின் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி, ஹெர்-2 புரதம் ஆகியவை இருக்கின்றனவா, இல்லையா? மருத்துவமனைகளில் 'ஐ.எச்.சி. ரிப்போர்ட்' என்று அழைக்கப்படும் தாள் இதற்குப் பதில் சொல்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருந்தால் டாமாக்சிஃபென் போன்ற ஹார்மோன் மாத்திரை. ஹெர்-2 மிகுந்திருந்தால் டிராஸ்டுசுமாப் ஊசி. மூன்றும் இல்லையென்றால் பெரும்பாலும் கீமோதெரபியை நம்பித்தான் இருக்க வேண்டும். இப்போது புற்றுநோய் மாநாடுகளிலும் விளம்பரங்களிலும் பேசப்படுவது இந்தத் தாளைப் பற்றியல்ல. லட்சக்கணக்கில் செலவாகும் மரபணுச் சோதனைகளைப் பற்றி. அவற்றுக்கு அரசு பணம் ஒதுக்குவதற்கு முன்னால், இந்த எளிய தாளை நம்பத்தக்கதாக்க வேண்டும் என்பது என் வாதம். அந்த வேலை தொடங்க வேண்டிய இடம் ஆய்வகம்கூட அல்ல, அறுவை அரங்கம்.

இந்தத் தாளுக்குப் பின்னால் நூறாண்டு மருத்துவம் இருக்கிறது. கிளாஸ்கோ அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், சினைப்பைகளை அகற்றினால் சில பெண்களுக்கு முற்றிய மார்பகக் கட்டியும் சுருங்குகிறது என்று 1896இல் எழுதினார். சிலருக்குச் சுருங்கியது, பலருக்குச் சுருங்கவில்லை. ஏன் என்பதற்கான விடை, சிகாகோ பல்கலைக்கழகத்தின் எல்வுட் ஜென்சன் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைக் கண்டறிந்த பிறகே கிடைத்தது. ஏற்பி உள்ள கட்டிதான் ஹார்மோனுக்குக் கட்டுப்படும். ஏற்பி உள்ள பெண்கள் ஐந்தாண்டுகள் டாமாக்சிஃபென் எடுத்துக்கொண்டால் மார்பகப் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பது உலகளாவிய ஆய்வுகளைத் திரட்டி 2011இல் வெளியான பகுப்பாய்வின் முடிவு. ஏற்பி இல்லாதவர்களுக்கு அதனால் பயனில்லை. ஹெர்-2 கதையும் இப்படித்தான். அந்த மரபணு பெருகியிருந்தால் நோய் மூர்க்கமாகத் திரும்பிவரும் என்று டென்னிஸ் ஸ்லாமன் குழு 1987இல் காட்டியது. அதற்கெதிரான ஊசிக்கு அமெரிக்கா 1998இல் ஒப்புதல் தந்தது. டாமாக்சிஃபென் மலிவான மாத்திரை. அது யாருக்கு வேண்டும் என்று சரியாகச் சொல்வதில்தான் சிக்கல்.

அந்தச் சிக்கலின் ஆழத்தைக் காட்டியது ஏழை நாடு அல்ல, கனடா. அந்நாட்டின் நியூஃபவுண்ட்லாந்து மாகாணத்தில் 2005ஆம் ஆண்டு, முன்பு 'ஏற்பி இல்லை' என்று அறிக்கை பெற்ற ஒரு பெண்ணின் திசுவை மறுபடி சோதித்தபோது 'இருக்கிறது' என்று வந்தது. சந்தேகப்பட்டு மேலும் சிலவற்றைப் பார்த்தார்கள், அவையும் மாறின. 1997 முதல் 2005 வரையிலான மாதிரிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை டொராண்டோவுக்கு அனுப்பப்பட்டு மறுசோதனை செய்யப்பட்டன. ஏறத்தாழ 400 பேருக்குத் தவறான முடிவு தரப்பட்டிருந்தது. அவர்களில் பலருக்கு உரிய மாத்திரை உரிய காலத்தில் கிடைக்கவில்லை. சிலர் இறந்தும் போயிருந்தார்கள். தவறின் முழு அளவு 2007இல்தான் வெளியே தெரிந்தது. நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையிலான விசாரணை ஆணையம் 2009இல் அறிக்கை தந்தது. அந்த அறிக்கையைப் படிப்பவர்கள் ஒரு வில்லனைத் தேடினால் ஏமாந்துபோவார்கள். தரக் கட்டுப்பாடு இல்லாமை, பயிற்சிக் குறைவு, வெளியார் மேற்பார்வை இல்லாமை என்று சின்னச் சின்ன அலட்சியங்களே அங்கே சேர்ந்து நின்றன. வளமான நாட்டின் அரசு ஆய்வகத்திலேயே எட்டு ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் இது நடந்திருக்கிறது.

நம்மிடம் என்ன நடக்கிறது? கட்டியை அகற்றியதும் அந்தத் திசுவுக்கு ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. புரதங்கள் சிதையத் தொடங்குகின்றன. ஒரு மணி நேரத்துக்குள் அது பத்து சதவீத ஃபார்மலின் கரைசலில் இறங்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊற வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். ஃபார்மலின் திசுவுக்குள் மெதுவாகத்தான் புகும், மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில். ஆகவே அகற்றிய மார்பகத்தை அப்படியே முழுசாகப் போட்டால் நடுவில் உள்ள கட்டியை மருந்து எட்டும் முன்பே அது கெட்டுவிடும். கீறிப் பிளந்து, திசுவைப் போலப் பத்து மடங்காவது கரைசல் ஊற்றிப் போட வேண்டும். மாறாக, திசு அடைத்துக்கொண்டு நிற்கும் சிறு டப்பா, கொஞ்சம் ஃபார்மலின், எத்தனை மணிக்கு அகற்றினார்கள் என்ற குறிப்பே இல்லாத சீட்டு, அதைக் கையில் வாங்கிக்கொண்டு வெளி ஆய்வகத்தைத் தேடிப் பேருந்து ஏறும் உறவினர்: இந்தக் காட்சி நமக்குப் புதியதல்ல. சனிக்கிழமை அறுவை சிகிச்சை என்றால் டப்பா திங்கள்கிழமைதான் திறக்கப்படும்.

இந்தியாவில் மூன்றும் இல்லாத 'டிரிப்பிள் நெகட்டிவ்' வகை அதிகம் என்று திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. மேலைநாடுகளில் பத்து, பதினைந்து சதவீதம் என்றால் இந்திய ஆய்வுகளில் அதைப்போல இருமடங்கு வரை காட்டப்படுகிறது. நம் நோயாளிகளின் சராசரி வயது குறைவு என்பது ஓரளவு உண்மையான காரணம். மரபுக் காரணங்களும் இருக்கலாம். ஆனால் இதில் எத்தனை சதவீதம் நோயின் இயல்பு, எத்தனை சதவீதம் டப்பாவின் கோளாறு என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. கெட்டுப்போன திசுவும் ஏற்பி இல்லாத திசுவும் கண்ணாடித் தகட்டில் ஒரே மாதிரிதான் தெரியும்: பழுப்பு நிறம் ஏறாமல், வெறும் நீலமாக. வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அதே தகட்டில் கட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் இயல்பான பால்நாளச் செல்கள் பழுப்பாகியிருக்க வேண்டும். அவையும் நிறம் ஏறாமல் இருந்தால் 'ஏற்பி இல்லை' என்று எழுதக் கூடாது, 'முடிவு சொல்ல இயலாது' என்று எழுத வேண்டும். நேர்மையான நோயியல் மருத்துவர் அப்படித்தான் எழுதுவார். அவசரப்படுத்தும் இடத்தில் எத்தனை பேருக்கு அது முடிகிறது?

மரபணுச் சோதனையின் ஆதரவாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற டெய்லர்-எக்ஸ் ஆய்வு, 21 மரபணுக்களை அளந்து நடுத்தர மதிப்பெண் பெற்றவர்களில் பெரும்பாலோருக்குக் கீமோதெரபி தேவையில்லை என்று 2018இல் காட்டியது. ஐம்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஓரளவு பயன் தெரிந்தது. முடி கொட்டாமல், வாந்தியில்லாமல், வேலை இழக்காமல் ஒரு பெண் தப்பிப்பது சாதாரண விஷயமல்ல. ஆனால் அந்தச் சோதனை யாருக்கு? ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 இல்லாத கட்டிகளுக்கு மட்டும். கெட்ட திசுவால் 'ஏற்பி இல்லை' என்று எழுதப்பட்ட பெண் அந்தச் சோதனையின் வாசலுக்கே வர மாட்டார். அவருக்குத் தேவையற்ற கீமோ கிடைக்கும், தேவையான மாத்திரை கிடைக்காது.

மாதிரிகளை எல்லாம் ஒரு பெரிய மையத்துக்கு அனுப்பிவிடலாமே என்றும், சிலைடுகளைச் செயற்கை நுண்ணறிவு படித்துவிடுமே என்றும் கேட்கலாம். நோயியல் மருத்துவர்கள் பற்றாக்குறையாக இருக்கும் மாவட்டங்களில் இரண்டும் உதவும்தான். ஆனால் அறுவை அரங்கில் இழந்த புரதத்தை எந்த மையமும் திரும்ப உண்டாக்க முடியாது. கணினியும் தகட்டில் இருப்பதைத்தான் படிக்கும். இது செலவு பிடிக்கும் வேலை என்ற ஆட்சேபம்தான் எனக்குப் புரியாதது. ஃபார்மலினும் பெரிய டப்பாவும் மருத்துவமனைச் செலவில் கணக்கில் வராத தொகை. வேண்டியது ஒழுங்கு. அகற்றிய நேரமும் ஃபார்மலினில் இட்ட நேரமும் எழுதாத சீட்டை ஆய்வகம் திருப்பி அனுப்பும் அதிகாரம் பெற வேண்டும். ஏற்பிச் சோதனையை முடிந்தவரை ஊசி பயாப்சியிலேயே செய்துவிட வேண்டும். மெல்லிய துணுக்கு என்பதால் ஃபார்மலின் அதில் விரைவாக ஊடுருவும். நம் நாட்டில் ஆய்வகங்களுக்கான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் விருப்பத்தின் பேரில்தான். அரசுக் காப்பீட்டுப் பணம் பெறும் ஆய்வகங்களுக்காவது, வெளியார் மாதிரி அனுப்பிச் சோதிக்கும் தரத் தேர்வு கட்டாயமாக வேண்டும். ஒவ்வோர் ஆய்வகமும் தன்னிடம் வந்த மார்பகக் கட்டிகளில் எத்தனை சதவீதம் ஏற்பி உள்ளவை என்று ஆண்டுதோறும் வெளியிடட்டும். பக்கத்து மாவட்டத்தில் அறுபதும் இங்கே நாற்பதும் என்றால் காரணம் கேட்கலாம்.

அப்படி விகிதம் குறைந்திருக்கும் ஆய்வகங்களில் பழைய 'நெகட்டிவ்' முடிவுகளை மறுசோதனை செய்யும் பொறுப்பு மாநில அரசுக்கு உண்டு. மெழுகில் பதித்த பிளாக்குகள் பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். சாயமேற்றுவதில் தவறியிருந்தால் அவற்றிலிருந்து இன்றும் சரியான விடை எடுக்கலாம். டப்பாவிலேயே கெட்டிருந்தால் எடுக்க முடியாது. சில ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கிய டாமாக்சிஃபெனும் பயன் தந்ததற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. ஆகவே கடந்த சில ஆண்டுகளில் சிகிச்சை முடித்து, மாத்திரை எதுவும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்களின் பிளாக்குகளிலிருந்து இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.