நீண்ட ஆயுளும் மலையகப் பெண்ணின் குருதியும்

முதுமையைத் தாமதப்படுத்தி, ஆரோக்கியமாக வாழும் காலத்தை நீடிக்கும் முயற்சியில் உலக விஞ்ஞானம் தீவிரமாக ஈடுபட்டுள்ளது. உடற்கலங்களுக்குள் சக்தியை உற்பத்தி செய்யும் இழைமணிகள், அதாவது மைட்டோகொண்ட்ரியாக்கள், வயது ஏற ஏறத் தளர்வடைவது முதுமைக்கான காரணங்களுள் ஒன்றெனக் கருதப்படுகின்றது. தாயிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும் இழைமணி நோய்களைத் தடுக்கும் சிகிச்சைக்கு 2015இல் பிரித்தானியா சட்ட அங்கீகாரம் வழங்கியது. அம்முறையில் எட்டுக் குழந்தைகள் பிறந்துள்ளதாக 2025 ஜூலையில் நியூகாசில் மருத்துவர்கள் அறிவித்தனர். எனினும், முதுமையையே தடுக்கும் மருந்தாக இழைமணிச் சிகிச்சை எதுவும் இதுவரை அங்கீகரிக்கப்படவில்லை. இளமை தருவதாக விளம்பரப்படுத்தப்படும் மாத்திரைகளுக்குப் பணத்தை இறைப்போர் இதனை மனதிற்கொள்வது நன்று.

கொஸ்லந்த தேயிலை மலைகளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்ற வினா எழலாம். இழைமணிகள் இயங்க ஒட்சிசனும் இரும்புச்சத்தும் இன்றியமையாதவை. இரும்புச்சத்துக் குறைவினால் குருதிச்சோகைக்கு ஆளானவரின் உடலில் இவ்விரண்டுக்குமே தட்டுப்பாடு ஏற்படுகின்றது. இதன் விளைவு இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலேயே அளந்து காட்டப்பட்டது. 1979இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான ஆய்வின்படி, இரும்புச்சத்து வழங்கப்பட்டு ஈமோகுளோபின் உயர்ந்த தொழிலாளர்கள் ஒரு மாதத்தின் பின்னர் கூடுதலான கொழுந்து பறித்தனர். குருதிச்சோகை கடுமையாக இருந்தவர்களிடமே முன்னேற்றமும் அதிகமாகக் காணப்பட்டது.

இதனைக் கொழுந்தின் நிறையால் மாத்திரம் மதிப்பிடுவது தவறாகும். அன்றாட வாழ்விலும் அவர்களது உடலியக்கம் அதிகரித்ததை அதே ஆய்வு பதிவுசெய்தது. மாலையில் லயத்திற்குத் திரும்பும் பெண்ணுக்குத் தன் பிள்ளைகளுக்காகவும் தனக்காகவும் சிறிது வலு மிஞ்சியது என்பதே அதன் பொருள். ஆரோக்கியமான ஆயுள் என்பதும் அதுவேயன்றி வேறில்லை.

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி மீரியபெத்த மண்சரிவு நிகழ்ந்தபோது முழு நாடும் கொஸ்லந்த பக்கம் திரும்பிப் பார்த்தது. நாளுக்கு நாள் மெல்லச் சரியும் உடல் வலுவோ எவருக்கும் செய்தியாவதில்லை. கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரைகள் இலவசமாக வழங்கப்படுவது பாராட்டுக்குரியது. ஆனால், பிள்ளைப்பேற்றுக் காலம் கடந்த பின்னரும் அந்தப் பெண் மலையேறிக் கொழுந்து பறிக்கின்றாள். அவளது குருதியைப் பரிசோதிப்பது யார்?

தோட்டந்தோறும் ஆண்டுக்கொரு முறையேனும் ஈமோகுளோபின் பரிசோதனை நடைபெற வேண்டும். தலசீமியா உள்ளவர்களுக்கு இரும்புச்சத்து தீங்கு விளைவிக்கலாமாதலால், பரிசோதனையின்றி மாத்திரை விநியோகிப்பது தகாது. உணவுடன் தேநீர் அருந்துவது இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் என்பதும் எடுத்துரைக்கப்பட வேண்டும். மீனும் கீரையும் வாங்குவதற்குப் போதிய வேதனம் இல்லாதவிடத்து அறிவுரைகளால் மட்டும் பயன் விளையாது.

சுகாதார அமைச்சும் பெருந்தோட்டக் கம்பனிகளும் இப்பொறுப்பைத் தட்டிக்கழிக்கலாகாது. ஊவாவின் தமிழ், முஸ்லிம் மக்கள் பிரதிநிதிகள் இதற்காக ஒருமித்துக் குரலெழுப்ப வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.